விளையாட்டுத் திடலில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தென்கோடியில், ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பின்னால் ஒரு காலியிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாங்கள் நாலைந்து பேர் சாக்கு மூட்டைகளோடு அங்கே போவோம். மூட்டைகளில் பழைய டயர், கிழிந்த சேலை, கயிறு, தென்னை மட்டை, அட்டைப் பெட்டி. வெளிச்சம் மங்கியதும் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு திரும்புவோம். இடையில் இரண்டரை மணி நேரம் குழந்தைகள் விளையாடுகிறார்கள். அம்மாக்களும் ஆசிரியர்களும், உதவிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இங்கே என்ன சொல்லித் தருகிறீர்கள்?

எதுவும் சொல்லித் தருவதில்லை. இதைக் கேட்டதும் பல பெற்றோர்களின் முகம் வாடிவிடும். சிலம்பமோ கராத்தேயோ கபடி கோச்சிங்கோ கிடைக்கும் என்று நினைத்து வருகிறார்கள்.

தமிழில் எல்லாவற்றுக்கும் விளையாட்டு என்ற ஒரே சொல்தான். கோப்பைக்காக ஆடுவதும் விளையாட்டு, மண்ணில் வீடு கட்டி மிதித்துக் கலைப்பதும் விளையாட்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில், எங்களைப் போலவே இடம் மாற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா இருந்தார். அன்று எங்கள் குடியிருப்பிலும் கொண்டாட்டம்தான். "எங்க ஏரியா" என்று சொல்லவே தயங்கிய பிள்ளைகள் அன்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். அந்தப் பெருமை வேண்டும், அதற்குப் பயிற்சியாளரும் மைதானமும் வேண்டும். ஆனால் பதக்கம் வாங்கப் போகாத மீதிப் பிள்ளைகளுக்கும் ஓடவும் ஒளியவும் ஒரு மாலைப்பொழுது வேண்டும். நாங்கள் பார்ப்பது அந்த மீதிப் பிள்ளைகளை.

பிள்ளைகள் தானாகவே விளையாடுவார்களே, அதற்கு ஒரு குழு எதற்கு?

பழைய இடத்தில் யாருமே தேவைப்பட்டதில்லை. ஆற்றங்கரைக் குடிசைகளில் வாசலும் தெருவும் ஒன்றுதான். ஒரு அத்தை மீன் ஆய்ந்துகொண்டே பத்துப் பிள்ளைகள் மேல் ஒரு கண் வைத்திருப்பார். யார் பிள்ளை விழுந்தாலும் யாராவது தூக்குவார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் தெற்கே உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஒரே தெருவில் இருந்தவர்கள் வேறு வேறு பிளாக்குகளுக்குப் போனார்கள். பக்கத்து வீட்டில் இருப்பது யாரென்றே தெரியாது. ஆறாவது மாடியில் இருக்கும் அம்மாவுக்குக் கீழே விளையாடும் பிள்ளை கண்ணுக்கு எட்டாது. பயத்தில் கதவைச் சாத்துகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அங்கே உடைந்துபோனது அக்கம்பக்கம். அதை மறுபடி கட்ட கூட்டம் போட்டால் ஐந்து பேர் வருவார்கள். பிள்ளைகள் விளையாடினால் பார்க்க ஐம்பது பேர் வருவார்கள். எங்கள் இடத்தில் முதல் மூன்று மாதம் அம்மாக்கள் தனித்தனியாகச் சுவரோரம் நின்றார்கள். ஒரு நாள் இரண்டு பிள்ளைகள் முட்டிக்கொண்டு ஒருவனுக்கு உதடு கிழிந்தது. முட்டியவனின் அம்மாதான் ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்து மற்றவன் வாயில் வைத்துப் பிடித்தார். அடுத்த வாரம் அந்த இரண்டு அம்மாக்களும் ஒரே டயரில் உட்கார்ந்திருந்தார்கள்.

விளையாட்டால் மனக்காயம் ஆறுமா?

எல்லாக் காயமும் ஆறாது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

வெள்ளத்தில் வீடு போன ஏழு வயதுப் பையன் ஒருவன் வாராவாரம் ஒரே ஆட்டம் ஆடினான். டயர்களை வரிசையாக அடுக்குவான், சின்னப் பிள்ளைகளை உள்ளே உட்கார வைப்பான். "தண்ணி வருது, ஏறு, ஏறு" என்று கத்துவான். நீலச் சேலை ஒன்றை அவர்கள் மேல் இழுத்து மூடிவிட்டு, "எல்லாம் செத்துட்டீங்க, படுங்க" என்பான். யாராவது சிரித்தால் அடிப்பான். நான்கைந்து வாரம் எல்லோரும் செத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒரு சிறுமி அட்டைப் பெட்டியை இழுத்து வந்து, "நான் படகு கொண்டாந்துட்டேன்" என்றாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்த வாரமும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது முறை கயிற்றின் ஒரு முனையை அவனே அவளிடம் கொடுத்தான். வெயில் காலம் வருவதற்குள் அந்த ஆட்டத்தில் மொட்டை மாடியில் ஒரு டீக்கடை வந்துவிட்டது, தப்பித்தவர்களுக்கு அங்கே பன்னும் டீயும்.

எல்லோருக்கும் இப்படி நடக்காது. 1976-இல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சௌச்சில்லா என்ற ஊரில், பள்ளிப் பேருந்தோடு 26 குழந்தைகளைக் கடத்தி, லாரிப் பெட்டி ஒன்றுக்குள் போட்டு மண்ணுக்கடியில் புதைத்து வைத்தார்கள். ஏறக்குறைய 16 மணி நேரம் கழித்துக் குழந்தைகளும் ஓட்டுநரும் தாங்களே வழி உண்டாக்கித் தப்பித்தார்கள். மனநல மருத்துவர் லெனோர் டெர் அந்தக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார். நடந்ததைத் திரும்பத் திரும்ப ஆடிய குழந்தைகளில் பலருக்கு அந்த ஆட்டம் ஆறுதல் தரவில்லை என்பதைப் பதிவு செய்தார். சந்தோஷமே இல்லாமல், கொஞ்சமும் மாறாமல் சுற்றிச் சுற்றி வரும் ஆட்டம் அது.

அதனால் நாங்கள் பார்ப்பது ஆட்டம் மாறுகிறதா என்றுதான். ஒரு படகு, ஒரு கதவு, ஒரு டீக்கடை ஏதாவது உள்ளே வருகிறதா? வந்தால் குறுக்கே போவதில்லை. வாரக்கணக்கில் மாறாமல், முகம் இறுகி, மற்ற குழந்தைகளும் பயப்பட ஆரம்பித்தால், வீட்டாரோடு பேசி மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அழைத்துப் போவோம். குழந்தைக்கு வீட்டிலோ வெளியிலோ யாராலாவது ஆபத்து என்று தெரிந்தால் 1098. அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண், இரவிலும் எடுப்பார்கள்.

சண்டையில் எதிரெதிராக நின்றவர்களின் பிள்ளைகள் சேர்ந்து விளையாடிய இடம் உண்டா?

உண்டு, இலங்கையில், நம் மொழி பேசும் ஊரிலேயே. மட்டக்களப்பு.

1990-இல் அந்த மாவட்டத்தில் நடந்தவை இன்றும் பேசக் கனமானவை. காத்தான்குடியில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். சத்துருக்கொண்டானில் தமிழர்கள், குழந்தைகளோடு, கொல்லப்பட்டார்கள். இரு தரப்பும் பேசுவது தமிழ்தான். ஆனால் அடுத்தடுத்த ஊர்களின் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பேயைப் போல நினைத்து வளர்ந்தார்கள்.

1996-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. கனடாவைச் சேர்ந்த கலைஞர் பால் ஹோகனும், மட்டக்களப்பில் உளவளத் துணை செய்துவந்த இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் அதன் பின்னால் இருந்தார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பேருந்தில் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள், வாரத்தில் ஒரு நாள், மாதக்கணக்கில். களிமண், வண்ணம், கதை, பாட்டு, நாடகம். அவர்களோடு இருந்தவர்களும் வெளியூர் நிபுணர்கள் இல்லை. அதே மண்ணில் அதே போரைப் பார்த்த இளைஞர்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த மாதக்கணக்குதான். ஒரு நாள் முகாம் நடத்தி, இரு தரப்புப் பிள்ளைகளையும் கைகோத்து நிற்க வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போவது சுலபம். பயம் போவதற்கு, எதிர்த் தரப்புப் பையன் போன வாரம் செய்த மண் யானையை இந்த வாரம் யாரும் உடைக்காமல் பத்திரமாக வைத்திருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

சேர்ந்து விளையாடினால் சாதி போய்விடுமா?

தானாகப் போகாது. பல்வங்கர் பாலு என்ற கிரிக்கெட் பந்துவீச்சாளர் மகாராஷ்டிரத்துத் தலித் குடும்பத்தைச் சேர்ந்தவர். புனேயில் ஆங்கிலேயர் கிளப்பில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். வலைப்பயிற்சியில் வெள்ளையருக்குப் பந்து வீசியே தேர்ந்தவர். மதவாரியாக அணிகள் இருந்த காலம் அது. பிறகு இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் போட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் தேநீர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தவர் அவர். அத்தனை திறமை இருந்தும் இந்துக்கள் அணிக்குத் தலைமை தாங்க அவரை விடவில்லை. 1923-இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

ஆகவே நாங்கள் கவனிப்பது விளையாட்டின் ஓரங்களை. தண்ணீர்க் குடத்தில் யார் மொண்டு குடிக்கிறார்கள், யாருக்குக் கையில் ஊற்றுகிறார்கள்? பந்து சாக்கடையில் விழுந்தால் யார் இறங்குகிறார்கள்? எங்கள் திடலில் ஆறு வாரம் ஒரே பையன்தான் இறங்கினான். யாரும் அவனை ஏவவில்லை, பந்து விழுந்ததும் எல்லோரும் அவனைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அவன் அப்பா என்ன வேலைக்குப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஏழாவது வாரம் பெரிய பெண் ஒருத்தி, "அடிச்சவன்தான் எடுக்கணும், எங்க பழைய தெருவுல அதான் ரூல்" என்றாள். அன்று சிக்ஸர் அடித்தவன் முழங்கால் வரை கறுப்பாகி வெளியே வந்தான். அந்த விதி இன்றும் இருக்கிறது. நான் பிரசங்கம் செய்திருந்தால் ஒரு மாலை கூடத் தாங்கியிருக்காது.

கிராமங்களில் முதல் கேள்வியே மைதானம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுதான். ஊருக்குள் இருந்தால் காலனிப் பிள்ளைகள் எல்லைக் கோட்டுக்கு வெளியேதான் நிற்பார்கள்.

சண்டை வந்தால் யார் தீர்த்து வைப்பது?

முடிந்தவரை அவர்களே. பிள்ளைகளிடம் நம்மைவிட நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. அணி பிரிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பார்கள். நன்றாக ஆடுபவர்கள் முதலில் போவார்கள், கடைசியில் ஒரு குழந்தை தனியாக நிற்கும். அந்த நிற்றலை ஆயுசுக்கும் மறக்காதவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

நம் ஊரில் உத்தி பிரிப்பது என்று ஒரு முறை உண்டு. இரண்டு பேர் தலைவர்கள். மற்றவர்கள் தங்களுக்குச் சமமான பலமுள்ள ஒருவரோடு ஜோடி சேர்ந்து தள்ளிப்போவார்கள். இரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டுத் திரும்பி வருவார்கள். "வானத்துல பறக்குற பருந்து வேணுமா, கடல்ல நீந்துற திமிங்கலம் வேணுமா?" தலைவர் ஒன்றைக் கேட்பார், அந்தப் பெயர்க்காரர் அங்கே, மற்றவர் எதிர் அணிக்கு. இரு பக்கமும் பலம் சரியாகப் பிரியும். யாரும் பொறுக்கப்படுவதில்லை, யாரும் மிஞ்சுவதும் இல்லை. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான பங்கீடு பெரியவர்கள் உலகில் இல்லை.

சண்டை முற்றினால் காய், ஆறினால் பழம். பழம் விடுவதற்குப் பெரியவர்கள் அவசரப்படுத்தக் கூடாது. கல்லெடுத்தால் மட்டும் நாங்கள் எழுந்திருப்போம்.

பெண் பிள்ளைகள் ஏன் குறைவாக இருக்கிறார்கள்?

ஐந்து மணிக்குத் தண்ணி லாரி வரும். குடம் தூக்குவது பெண் பிள்ளைகள் வேலை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலை. வயதுக்கு வந்துவிட்டால் அதோடு கீழே இறங்குவதே நின்றுவிடுகிறது.

பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, எங்களிடம் மிக வேகமாக ஓடியவள், திடீரென்று வரவில்லை. இரண்டு மாதம் நான்காவது மாடிக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள், இடுப்பில் தம்பி. பிறகு திடலோரம் இருந்த வேப்பமரத்தில் சேலையில் தூளி கட்டினோம். கைக்குழந்தையை அதில் போட்டால் ஒரு பாட்டி ஆட்டிக்கொண்டிருப்பார். "தம்பியத் தூங்க வைக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். அவள் அம்மாவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

லாரி வரும் வரிசையிலேயே கல்லாங்காய் ஆரம்பித்தது அம்மாக்கள்தான். ஒருவர் கீழே உட்கார்ந்து ஐந்து கல்லைப் பரப்பினார். ஒன்றை மேலே வீசி, அது இறங்குவதற்குள் மற்ற நான்கையும் ஒரே அள்ளில் எடுத்துப் புறங்கையில் ஏந்தினார். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கல்லைத் தொட்டதே இல்லை, இருபது வருடமாயிற்று என்றார்.

நடக்க முடியாத குழந்தை எப்படி விளையாடும்?

சின்னப் பிள்ளைகளையும் ஓட முடியாதவர்களையும் ஆட்டைக்குச் சேர்த்துக்கொண்டு, அவுட் ஆனாலும் கணக்கில் எடுக்காமல் விடுவது நம் வழக்கம். ஒப்புக்குச் சப்பாணி என்பார்கள். யாரையும் வெளியே நிறுத்தாத அந்த மனசு நல்லது. பெயர் நல்லதில்லை, அதை நாங்கள் சொல்வதில்லை. கணக்கில் வராதவராகவே ஒரு குழந்தை எத்தனை நாள் இருக்கும்?

ஊன்றுகோலோடு வரும் சிறுமி ஒருத்தி கல்லா மண்ணா ஆட்டத்தில் இப்படித்தான் ஓரமாக இருந்தாள். பிடிப்பவர் மண்ணைக் கேட்டால் மற்றவர்கள் கல் மேல் நிற்க வேண்டும், மண்ணில் கால் வைத்தால் பிடிக்கலாம். ஒரு நாள் துரத்தலில் தப்பிக்க வழியில்லாமல் ஒரு பையன் அவள் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "இது கல்லு!" என்று கத்தினான். பெரிய தகராறு. கடைசியில் தீர்ப்பானது: அவள் கட்டை ஊன்றின இடம் கல், அதைத் தொட்டவன் தப்பித்தான். அன்றிலிருந்து ஆட்டமே அவளைச் சுற்றித்தான். எங்கே நகர வேண்டும், யாரைக் காப்பாற்ற வேண்டும், யாரைக் கைவிட வேண்டும் என்று முடிவு செய்பவள் அவள். இதை எந்தச் சிறப்பாசிரியரும் திட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்க முடியாது.

நல்ல பொம்மை வாங்கித் தரக் கூடாதா? ஏன் பழைய சாமான்?

நன்கொடையாளர்கள் கேட்கும் கேள்வி இது. ஊஞ்சலில் ஆடத்தான் முடியும். டயர் படகாகும், கிணறாகும், சிறையாகும்.

டென்மார்க்கில் தோட்டக் கலைஞர் சோரன்சன், அலங்காரமான பூங்காக்களை விட்டுவிட்டுக் குழந்தைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களில் மிச்சக் கட்டைகளோடு விளையாடுவதைக் கவனித்தார். 1943-இல், நாடு ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகனை அடுத்த எம்ட்ரப்பில் அப்படிப்பட்ட கழிவுச் சாமான் திடல் ஒன்று திறந்தது. அதன் முதல் பொறுப்பாளர் ஜான் பெர்டெல்சன் குழந்தைகளுக்கு எதையும் கற்பிக்கப்போவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். போர் முடிந்தபின் அதைப் பார்த்த ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர் ஆலன் சீமாட்டி பிரிட்டனுக்கு அந்த யோசனையைக் கொண்டுபோனார். குண்டு விழுந்து இடிந்த மனைகளில் அங்கே குழந்தைகள் குடிசை கட்டினார்கள்.

அடிபட்டால் யார் பொறுப்பு?

நாங்கள்தான். அரை மணி முன்னதாகப் போய்க் கண்ணாடித் துண்டு, ஆணி, ஊசி எல்லாம் பொறுக்குகிறோம். கயிற்றைக் கழுத்தில் போட விடுவதில்லை. மருந்துப் பெட்டி இருக்கிறது, ஆட்டோ எண் இருக்கிறது. சிராய்ப்பு வரும், அதைத் தடுக்க மாட்டோம்.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டா?

உண்டு. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. இலங்கை 1991-இலும் இந்தியா 1992-இலும் அதை ஏற்றன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. உங்கள் பள்ளியின் மைதானத்தில் கட்டடமோ வாகன நிறுத்தமோ வந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வதையும் கேட்கலாம்.

எங்கள் தெருவில் ஆரம்பிக்க என்ன வேண்டும்?

ஒரே கிழமை, ஒரே நேரம். இதை மாற்றாதீர்கள், மழையானாலும் போய் நில்லுங்கள். இழந்து இழந்து வந்த பிள்ளைகள் முதலில் சோதிப்பது நீங்கள் மறுபடி வருவீர்களா என்பதைத்தான். பஞ்சர் கடையில் டயர் சும்மா கிடைக்கும், மளிகைக் கடையில் அட்டைப் பெட்டி. பருத்திச் சேலையாகக் கேளுங்கள், நைலான் கையை அறுக்கும். பேனர் வேண்டாம். பிள்ளைகளைப் படமெடுத்துப் போடாதீர்கள். போன் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையைத் திட்டாதீர்கள், பக்கத்தில் ஆட்டம் சூடு பிடித்தால் போன் தானே பைக்குள் போய்விடும். இரண்டு பேராவது போங்கள், அதில் ஒருவர் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவராக இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் யாரும் வராமல் போகலாம். ஒரு டயரை உருட்டி விட்டுவிட்டு, மூட்டையின் மேல் உட்கார்ந்திருங்கள்.